தபால்காரர் ஷெவால் பைத்தியக்காரர் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் உலகத்து விசித்திரக் கட்டடங்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பிரான்சில் ஒத்ரீவ் என்ற சிற்றூரில் இருக்கும் 'பலே இதெயால்' மாளிகைக்கு ஒரு படமும் நான்கு வரியும் கொடுத்திருந்தீர்கள். பைத்தியக்காரத் தபால்காரர் ஒருவர் வழியில் கிடந்த கற்களைப் பொறுக்கிக் கட்டிய கோட்டை, அதில் ஓர் இந்துக் கோயில்கூட உண்டு என்று எழுதியிருந்தது. அவர் பெயர்கூட இல்லை. படித்ததிலிருந்து மனது ஆறவில்லை. அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இடம் இருக்கும் அளவுக்கு வெளியிடுங்கள்.

நான் காரைக்காலில் பிறந்து, சின்ன வயதிலேயே பெற்றோருடன் பிரான்சுக்கு வந்தவள். தென்கிழக்கே துரோம் மாவட்டத்தில் தபால் பட்டுவாடா வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். ஒத்ரீவைச் சுற்றியுள்ள குன்றுகளிலும் கலோர் ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் எனக்குச் சுற்று இருந்தது. எங்களுக்கு மஞ்சள் வண்டி கொடுத்திருந்தார்கள். அப்படியிருந்தும் பண்ணை வீடு பண்ணை வீடாக இறங்கி ஏறி, கேட்டைத் திறந்து, நாயைச் சமாளித்து, கடிதம் மழையில் நனையாமல் பெட்டியில் போட்டுவிட்டு வருவதற்குள் மத்தியானம் முழங்கால் கெஞ்ச ஆரம்பித்துவிடும். அதே மேடு பள்ளங்களில், வண்டி எதுவும் இல்லாமல், தினமும் ஏறத்தாழ 32 கிலோமீட்டர் நடந்தே கடிதம் கொடுத்தவர் நீங்கள் பெயர் போடாமல் விட்ட அந்த மனிதர். பெயர் ஃபெர்தினான் ஷெவால்.

1836-ல் பக்கத்திலேயே ஷார்ம்-சூர்-லெர்பாஸ் என்ற ஊரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயதில் தாயை இழந்தார். பள்ளிக்கூடம் போனது சில வருஷம்தான். 13 வயதில் ரொட்டி சுடும் தொழில் பழகப் போனார். 1867-ல் கிராமத் தபால்காரராக வேலை கிடைத்தது. பிரான்சில் கிராமத்து வீடுகளுக்குக் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கும் ஏற்பாடே 1830-ல்தான் தொடங்கியது. அதற்கு முன்பு கிராமத்தார் கடிதத்துக்காகத் தபால் நிலையம் இருக்கும் ஊருக்கு நடக்க வேண்டியிருந்தது. அந்தப் புதிய ஏற்பாட்டைக் காலால் சுமந்தவர்கள் ஷெவால் போன்றவர்கள்.

நடந்துகொண்டே இருக்கும் வேலையில் மனது வேறெங்கோ போகும். இதை எந்தத் தபால்காரரைக் கேட்டாலும் சொல்வார். ஷெவால் நடக்கும்போது மனதுக்குள் ஒரு மாளிகை கட்டிக்கொண்டிருந்தார். குகைகள், கோபுரங்கள், தோட்டங்கள் எல்லாம் அதில் இருந்தன. சொன்னால் சிரிப்பார்கள் என்று வெளியே சொல்லவில்லை. பல வருஷம் கழித்து அது மறந்தே போன நேரத்தில், 1879-ல், 43 வயதில், பட்டுவாடாவுக்குப் போகும் வழியில் ஒரு கல் காலை இடறிவிட்டது. என்ன கல் என்று எடுத்துப் பார்த்தார். அந்த வட்டாரத்தில் மொலாஸ் என்று ஒரு மென்மையான மணற்பாறை உண்டு. தண்ணீர் அரித்து, காலம் இறுக்கி, யாரோ செதுக்கி வைத்ததுபோல் இருந்தது. மறுநாள் அதே இடத்துக்குப் போய்ப் பார்த்தார். அதைவிட அழகான கற்கள் கிடந்தன. சிற்பத்தை இயற்கையே செய்து தருகிறது என்றால் கொத்து வேலையை நான் செய்கிறேன் என்று முடிவு செய்துகொண்டார். இடறிய அந்தக் கல் இன்றும் மாளிகையின் மேல்தளத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

இனிச் சொல்லப்போவதை ஒரு தபால்காரியாகச் சொல்கிறேன். காலையில் பை கனக்கும். பட்டுவாடா ஆக ஆக இலேசாகும். கடைசி வீடு முடிந்து திரும்பும் நேரம்தான் எங்களுக்கு இளைப்பாறல். ஷெவாலுக்கு அந்த நேரத்தில்தான் சுமை ஏறத் தொடங்கியது. முதலில் கற்களைச் சட்டைப்பையிலும் கால்சட்டைப் பையிலும் போட்டுக்கொண்டு வந்தார். பை கிழிந்து கிழிந்து மனைவி தைத்துத் தைத்து அலுத்துப் போனார். அப்புறம் கூடை. கூடையும் போதவில்லை என்றபோது, போகிற வழியிலேயே கற்களைக் குவித்து அடையாளம் வைத்துக்கொண்டு, வேலை முடிந்த பிறகு ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியுடன் திரும்பிப் போய் அள்ளி வந்தார். அதற்காக இன்னும் எட்டு, பத்து கிலோமீட்டர் கூடுதல் நடை. இரவில் விளக்கு வெளிச்சத்தில் சாந்து குழைத்துக் கட்டினார்.

ஊரார் சிரித்தார்கள் என்பது உண்மை. தோட்டம் முழுக்கக் கல்லை நிரப்பும் கிறுக்கன் என்று பேசினார்கள். உங்கள் கட்டுரையாளர் அந்த ஊர்ப்பேச்சை எடுத்துத் தீர்ப்பாகவே எழுதிவிட்டார். ஆனால் இதே மனிதர் 29 வருஷம் கிராமத் தபால்காரராக வேலை பார்த்து, 1896-ல் முறையாக ஓய்வு பெற்றார். மூளை கலங்கியவரிடம் ஒரு பள்ளத்தாக்கின் கடிதங்களையும் மணியார்டர்களையும் யார் அத்தனை காலம் ஒப்படைப்பார்கள்? இந்த வேலையில் ஒரு கடிதம் மாறினால்கூட மறுநாள் வீட்டுக்காரர் வாசலில் நிற்பார்.

மாளிகைச் சுவரில் அவரே ஒரு கணக்கு பொறித்து வைத்திருக்கிறார்: 1879 முதல் 1912 வரை, 10,000 நாள், 93,000 மணி நேரம், 33 வருஷச் சோதனை. என்னைவிடப் பிடிவாதக்காரன் இருந்தால் வேலையில் இறங்கட்டும் என்றும் எழுதியிருக்கிறார். வகுத்துப் பார்த்தால் வருஷத்துக்கு முன்னூறு நாளுக்குமேல், நாளுக்கு ஒன்பது மணி நேரத்துக்குமேல் வருகிறது. முதல் 17 வருஷம் இது பட்டுவாடாவுக்கு மேல் செய்த வேலை. மணிக்கணக்கு எழுதி வைப்பது உழைப்பாளியின் பழக்கம். கூலி கொடுக்க யாரும் இல்லாத வேலைக்கும் அவர் அந்தக் கணக்கை வைத்திருந்தார். நான் அந்தச் சுவர் முன்னால் போய் நிற்கும்போதெல்லாம் முதலில் இந்த எண்களைத்தான் பார்ப்பேன்.

கட்டடம் 26 மீட்டர் நீளம், 10 மீட்டருக்குமேல் உயரம். கிழக்கு முகப்புக்கு மட்டும் ஏறத்தாழ இருபது வருஷம் ஆயிற்று. அங்கே மூன்று நெடிய உருவங்கள் நிற்கின்றன: ஜூலியஸ் சீசர், அவரை எதிர்த்த 'கோல்' நாட்டுத் (பண்டைய பிரான்ஸ்) தலைவர் வெர்சிங்கெத்தோரிக்ஸ், கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ். கால் கைகளெல்லாம் கூழாங்கல் பதித்த சாந்து. கிட்டே போனால் சிப்பி, கிளிஞ்சல், நத்தை ஓடு, ஓட்டை ஓட்டையாக அரித்த சுண்ணாம்புக்கல் எல்லாம் தெரியும். எந்த இரண்டு சாண் இடமும் ஒன்றுபோல் இல்லை. சில இடங்களில் சாந்தை இலையாகவும் பழமாகவும் பாம்பாகவும் உருட்டிப் பதித்திருக்கிறார். ரொட்டிக் கடையில் மாவு பிசைந்த கை அது. எந்தக் கொத்தனாரிடமும் தொழில் பழகாதவர் முதல் நாளிலிருந்தே சாந்தைக் கையாண்ட விதத்துக்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான். உள்ளே இரும்புக் கம்பியும் வைத்துக் கட்டியிருக்கிறார்.

இன்னொரு காரணம் ஊரிலேயே இருக்கிறது. நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்தோடு திரும்பிவிடுகிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை. ஒத்ரீவின் பழைய வீடுகளைப் பாருங்கள். அந்தப் பகுதியில் வெட்டியெடுக்க நல்ல கட்டடக் கல் குறைவு. ஆற்றிலும் வயலிலும் உருண்டைக் கூழாங்கல்தான் கிடைக்கும். அதையே சுண்ணாம்புச் சாந்தில் வரிசை வரிசையாக, ஒரு வரி இடப்பக்கம் சாய்த்து, அடுத்த வரி வலப்பக்கம் சாய்த்து, மீன்முள் போல அடுக்கிச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். களஞ்சியம், தொழுவம், வேலிச்சுவர் எல்லாமே அப்படித்தான். காலில் இடறும் கல்லைப் பொறுக்கிச் சுண்ணாம்பில் பதிப்பது அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த காரியம். ஷெவால் அதே கல், அதே சாந்து, அதே பொறுமையை எடுத்துக்கொண்டு ஊரார் நினைத்துப் பார்க்காத இடத்துக்குக் கொண்டுபோனார். இதைச் சொல்லாமல் மாளிகையை மட்டும் காட்டினால் அது வானத்திலிருந்து விழுந்ததுபோல் ஆகிவிடும்.

இந்துக் கோயில் விஷயத்துக்கு வருகிறேன். பாரிசிலிருந்தும் லியோனிலிருந்தும் வரும் நம்மவர்களில் பலர் அதைத் தேடிக்கொண்டுதான் வருகிறார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு உறவுக்காரர்களையும் தெரிந்தவர்களையும் அங்கே கூட்டிப் போவதுண்டு. "கோபுரம் எங்கே?" என்றுதான் முதல் கேள்வி. மேற்கு முகப்பில் இருக்கிறது. ஆனால் சிறியது. ஒரு மாடம் அளவுதான். அதன் வரிசையிலேயே ஒரு சுவிஸ் மரவீடு, அமெரிக்க வெள்ளை மாளிகை, அல்ஜியர்ஸ் நகரத்துச் சதுர வீடு, இடைக்காலக் கோட்டை எல்லாம் இருக்கின்றன. உள்ளே போகும் வழி ஒரு மசூதி. ஷெவால் கீழை நாடுகளுக்குப் போய்ப் பார்த்துக் கட்டியவர் இல்லை. அந்தக் காலத்தில் படம்போட்ட வார இதழ்கள் வரத் தொடங்கியிருந்தன. பை நிறைய அவற்றைச் சுமந்து வீடு வீடாகக் கொடுத்தவர் அவர். சந்தா கட்டியவர் பார்ப்பதற்கு முன்பே உலகத்தின் படங்களை அவர் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். எங்கள் தொழிலில் அது ஒரு சின்னச் சலுகை. உறை இல்லாமல் வருவது கண்ணில் படத்தான் செய்யும்.

கூட வந்த ஓர் அம்மா, "இது நம்ம கோயில் மாதிரியே இல்லையே" என்று ஏமாந்துபோனார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் நாடு எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்ட முடியாத ஒரு பள்ளத்தாக்கில், 1900-ஐ ஒட்டிய வருஷங்களில், ஒரு விவசாயி மகன் தன் சொந்த நிலத்தில் கோயிலையும் மசூதியையும் கிறிஸ்தவக் கோட்டையையும் ஒரே சுவரில் தோளோடு தோள் நிற்க வைத்தார். அளவு சரியா, விமானம் சரியா என்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

கட்டுரையில் இடம் கொடுத்திருக்க வேண்டிய இன்னொன்று அந்தத் தள்ளுவண்டி. மாளிகையிலேயே ஒரு மாடம் அமைத்து அதில் தள்ளுவண்டியை வைத்திருக்கிறார். கூடவே வேலைக் கருவிகள். மேலே, வண்டியே பேசுவதுபோல் ஒரு பாட்டு பொறித்திருக்கிறார். தினமும் வயல்வெளியில் கல் தேடிய உழைப்பாளியின் விசுவாசமான துணை நான், இப்போது வேலை முடிந்துவிட்டது, அவர் வீட்டில் எனக்கு மரியாதையான இடம் கொடுத்திருக்கிறார் என்கிறது வண்டி. உலகத்தில் எத்தனையோ அரண்மனைகள் இருக்கின்றன. கல் சுமந்த வண்டிக்கு உள்ளேயே சன்னிதி வைத்த அரண்மனை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. வழிப்போக்கனே, நீ காண்பதெல்லாம் ஒரு விவசாயியின் வேலை என்றும் சுவரில் எழுதியிருக்கிறார். ஒரே மனிதனின் வேலை என்று பெரிய எழுத்தில் வேறு. இதெல்லாம் ஆணவம் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அரசர்கள் கட்டிய எதிலும் கல் சுமந்தவன் பெயர் இருக்காது. சுமந்தவனும் கட்டியவனும் ஒருவனாக இருக்கும் ஓரிடத்தில் அவன் தன்னைப் பற்றி எழுதிக்கொள்வதில் எனக்குக் குறையாக எதுவும் படவில்லை.

அவருடைய துக்கத்தையும் சொல்ல வேண்டும். வேலை தொடங்கிய அதே 1879-ல் அவருக்கு அலிஸ் என்ற மகள் பிறந்தாள். மாளிகையோடு சேர்ந்து வளர்ந்த குழந்தை. 1894-ல், 15 வயதில் இறந்துபோனாள். பக்கத்தில் தான் கட்டிய வீட்டுக்கு அவள் பெயரை ஒட்டி 'வில்லா அலிசியுஸ்' என்று பெயர் வைத்தார். அந்த வீடும் இன்று மாளிகையோடு சேர்ந்ததுதான். 1912-ல் மகன் சிரில், 1914-ல் மனைவி என்று ஒவ்வொருவராகப் போனார்கள்.

தானும் மனைவியும் மாளிகைக்குள்ளேயே அடக்கமாக வேண்டும் என்பது அவர் ஆசை. அனுமதி கிடைக்கவில்லை. சரி என்று, 78 வயதில் மறுபடியும் தள்ளுவண்டியை எடுத்தார். ஊரிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத இடுகாட்டில், மாளிகை பாணியிலேயே குடும்பத்துக்கு ஒரு கல்லறை கட்டத் தொடங்கினார். எட்டு வருஷம். 1922-ல் முடித்தபோது அவருக்கு 86 வயது. 'மௌனமும் முடிவில்லா ஓய்வும் கொண்ட கல்லறை' என்று பெயர் வைத்தார். 1924 ஆகஸ்ட் 19-ல் இறந்து அதிலேயே அடக்கமானார். மாளிகைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. இடுகாட்டுக்குக் கட்டணம் கிடையாது. மற்றக் குடும்பங்களின் கல்லறைகளுக்கு நடுவே இருப்பதால் சத்தம் போடாமல் பார்த்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான்.

இனி ஊர். உங்கள் கட்டுரையில் ஊருக்கு வேலையே இல்லை. ஆனால் அந்த மாளிகை இன்று நிற்பதற்கு ஊர்தான் காரணம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

1931-ல் கவிஞர் ஆந்திரே பிரெத்தோன் வந்து பார்த்தார். பிக்காசோ இந்தத் தபால்காரரைப் பற்றிப் படங்கள் வரைந்தார். கலைஞர்கள் கொண்டாடினார்கள். அரசு அலுவலகங்களில் நிலைமை வேறு. பாதுகாக்கலாமா என்ற பேச்சு எழுந்தபோது, அமைச்சகத்தைச் சேர்ந்த ஒருவர் அறிக்கை எழுதினார்: எல்லாம் படு அவலட்சணம், ஒரு பட்டிக்காட்டான் மூளையில் குழம்பிக் கிடந்த அபத்தங்களின் குவியல் என்று. அப்போதைய பண்பாட்டு அமைச்சர் ஆந்திரே மல்ரோ அதை ஏற்கவில்லை. உலகத்தில் இப்படிக் கட்டடக்கலையில் ஒன்றே ஒன்று இருக்கிறது, அது நம்மிடம் இருக்கிறது, அது இடிந்துவிழும்வரை காத்திருப்பது சிறுபிள்ளைத்தனம் என்று வாதாடினார். 1969-ல் அது வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அந்த அறிக்கையின் தொனியும் உங்கள் கட்டுரையின் அந்த ஒரு வரியும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்று சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. படிக்காதவன் செய்த பெரிய காரியத்தைப் பார்த்தால் நாம் உடனே அவன் புத்தியைச் சந்தேகிக்கிறோம்.

1984-ல் பிரெஞ்சுத் தபால் துறை மாளிகையின் படத்தைத் தபால்தலையில் போட்டது. அப்போது நான் வேலையில் சேர்ந்த புதிது. அந்தத் தபால்தலை ஒட்டிய உறைகளை அவர் நடந்த குன்றுகளிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். முத்திரை குத்தும் அறையில் மூத்தவர்கள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள்.

சின்னமாக அறிவித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. யார் பராமரிப்பது? பிரான்சில் 'கொம்யூன்' என்பதுதான் அடிமட்ட நிர்வாகம். நாடு முழுக்க ஏறத்தாழ 35,000 இருக்கின்றன. சிலவற்றில் நூறு பேர்கூட இருக்க மாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயரும் மன்றமும் உண்டு. ஒத்ரீவ் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வாழும் கொம்யூன். 1994 முதல் அந்த மாளிகையின் உரிமையாளர் இந்தக் கொம்யூன்தான். பெரிய நிறுவனமோ பாரிசில் இருக்கும் அருங்காட்சியகமோ இல்லை. பள்ளிக்கூடக் கூரை, சாலைப் பள்ளம், குடிநீர்க் குழாய் பற்றிப் பேசும் அதே மன்றம்தான் ஆர்க்கிமிடீஸ் சிலையின் வெடிப்பைப் பற்றியும் பேசி முடிவெடுக்க வேண்டும்.

எளிதான காரியம் இல்லை. கட்டியவர் பொறியாளர் இல்லை. துவாரங்களும் இடுக்குகளும் நிறைந்த சுவர். மழைநீர் உள்ளே இறங்கும். அந்தப் பள்ளத்தாக்கில் குளிர்காலத்தில் உறைபனி நன்றாகவே விழும். உள்ளே போன தண்ணீர் உறைந்து பெருகும்போது சாந்து பிளக்கும். கம்பி துருப்பிடித்தால் அதுவும் பிளக்கும். போதாததற்குப் பாசி. 1983 முதல் பத்து வருஷம் பெரிய சீரமைப்பு நடந்தது. அதற்கப்புறமும் ஒவ்வொரு முகப்பாக வேலை நடந்துகொண்டே இருக்கிறது. ஒரு குளிர்காலத்தில் சாரத்தின்மேல் ஒரு பெண் உட்கார்ந்து, பல் துலக்கும் பிரஷ் அளவுள்ள ஒன்றால் ஒரு சிப்பியைச் சுற்றியிருந்த பாசியை நீக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோதும் அவர் அடுத்த சிப்பிக்குத்தான் போயிருந்தார். 93,000 மணி நேரத்தில் கட்டியதை அவசரமாகச் சுத்தம் செய்ய முடியாது போலும்.

வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்குமேல் ஆட்கள் வருகிறார்கள். ஊர் மக்கள்தொகையோடு வைத்துப் பாருங்கள். ஓட்டல், ரொட்டிக் கடை, வாகன நிறுத்துமிடம் எல்லாம் அதனால் ஓடுகின்றன. கோடையில் மாளிகை முன்னால் இசை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. இன்றைய ஓவியர்கள், சிற்பிகள் வந்து கண்காட்சி வைக்கிறார்கள். அதே சமயம், கோடைச் சனிக்கிழமையில் அந்தத் தெருக்களில் பட்டுவாடா வண்டியைத் திருப்ப முடியாமல் நான் தவித்ததும் உண்டு. ஊர்க்காரர்கள் அதற்கும் பழகிவிட்டார்கள். "தபால்காரர் வீட்டுக்கு எப்படிப் போவது?" என்று கேட்டால், கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு வழி சொல்வார்கள். அவரைக் கேலி செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். இந்த மாற்றத்தைப் பற்றி யாராவது தனியாக ஒரு கட்டுரை எழுதினால் நான் முதல் ஆளாகப் படிப்பேன்.

உங்களிடம் என் வேண்டுகோள் மூன்று. அடுத்த இதழில் அவர் பெயரையும் ஊர் பெயரையும் போடுங்கள். பைத்தியக்காரர் என்று எழுதியதை எடுத்துவிடுங்கள். முடிந்தால் கூழாங்கல் வீடுகளையும் இடுகாட்டுக் கல்லறையையும் சேர்த்து ஒரு முழுப் பக்கம் கொடுங்கள். தகவல் சரிபார்க்க வேண்டுமானால் உதவத் தயாராக இருக்கிறேன்.

பிரான்சில் இருக்கும் தமிழ் அமைப்புகளுக்கும் ஒரு வார்த்தை. கோடையில் பேருந்து பிடித்துப் பிள்ளைகளைக் கூட்டி வருகிறீர்கள், மிக்க சந்தோஷம். ஒரு மணி நேரத்தில் படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். அரை நாளாவது ஒதுக்குங்கள். பிள்ளைகள் சுவரில் ஏறாமல், சிப்பியை நோண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் நீண்ட கூடத்தின் சுவர் வாசகங்களை அவர்களைப் படிக்கச் சொல்லுங்கள். இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் பிரெஞ்சில் தடுமாறாமல் படித்துவிடுவார்கள். தனியாக வருகிறவர்கள் லியோனிலிருந்து ரயிலில் சேன்-வலியே-சூர்-ரோன் நிலையத்தில் இறங்கி அங்கிருந்து சாலை வழியாகக் கிழக்கே வரலாம். கார் இருந்தால் லியோனிலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வருவதாக இருந்தால் காலையில் திறக்கும் நேரத்துக்கே வந்துவிடுங்கள். கிழக்கு முகப்பில் அப்போது வெயில் நேராக விழும், சிப்பியும் கல்லும் தனித்தனியாகத் தெரியும், கூட்டமும் இருக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரி ஒருவர்,
ரோமான்-சூர்-இசேர், பிரான்ஸ்